தம்மோடு நிறுத்திக்கொள்ளாதவர்: அசோக் பகதூர் வர்மா நினைவுரை

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி உக்கடத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழாவில் உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுச் சாதனைகளைத் தொகுத்துக் கூறுவேன் என்றே எண்ணியிருப்பார். அதைச் செய்வதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் பலர் உள்ளனர். நான் குருதி வங்கி ஒன்றில் ஆய்வக நுட்பநராக 30 ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது குருதி ஒன்றே. ஆகவே, குருதி உறையா நோயினருக்காக உழைத்த ஒரு பெருமகனைப் பற்றியும், அவரிடமிருந்து நம் கழகம் கற்க வேண்டிய ஒரு பாடத்தைப் பற்றியும் பேச விழைகிறேன்.

அவர் பெயர் அசோக் பகதூர் வர்மா. 1983 ஆம் ஆண்டில் இந்திய ஹீமோஃபிலியா கூட்டமைப்பைத் தொடங்கியவர். அவர் மருத்துவர் அல்லர். அந்நோயைத் தம் உடலிலேயே தாங்கி வாழ்ந்தவர். இன்று அவர் நம்மிடையே இல்லை. அவர் பெயரை அறிந்தவர்கள் இவ்வரங்கில் ஓரிருவரேனும் இருப்பார்களா என்பது ஐயமே. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம். அதற்கு மூன்று நாள் கழித்து வரும் ஏப்ரல் 17 உலக ஹீமோஃபிலியா நாள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்குரிய காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

நோயின் இயல்பு

நம் உடலில் காயம் பட்டால் குருதி சிறிது நேரம் ஒழுகிப் பின் தானே உறைந்து நின்றுவிடுகிறது. குருதியில் உள்ள பல காரணிகள் ஒன்றையொன்று தூண்டிவிடுவதாலேயே அவ்வாறு உறைகிறது. மருத்துவர்கள் அவற்றுக்கு எண்ணிட்டு வழங்குகின்றனர். அவற்றுள் எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ; ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா பி. ஏறத்தாழ 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு முதல் வகை வருகிறது. இரண்டாவது வகை அதனினும் அரிது.

இந்நோயினர்க்குச் சிறு கீறல் பட்டாலே குருதி வெள்ளமெனப் பாயும் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. குருதி விரைந்து பாய்வதில்லை. நெடுநேரம் நிற்காமல் கசிகிறது. வெளியே தெரியும் காயத்தினும் உள்ளே நிகழும் கசிவே கொடியது. முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகிய மூட்டுகளுக்குள் குருதி தேங்கி வீங்கும். வலி பொறுக்க முடியாததாக இருக்கும். மீண்டும் மீண்டும் அவ்வாறு தேங்கினால் மூட்டு அரிக்கப்பட்டு, கால் மடங்கியவாறே நின்றுவிடும். தலைக்குள் கசிந்தாலோ உயிருக்கே கேடு.

நம் பக்கத்தில் முட்டி வீங்கிய பிள்ளைக்கு என்ன செய்வோம்? சுளுக்கு என்று கருதி, எண்ணெய் தடவி நீவுவதற்கு அழைத்துச் செல்வோம். ஹீமோஃபிலியா உள்ள பிள்ளைக்கு அது தீங்கையே தரும். நீவ நீவக் கசிவு பெருகும். ஓய்வும், பனிக்கட்டி ஒற்றடமும், உரிய காரணியை நரம்பில் ஊசி வழியே விரைந்து செலுத்துதலுமே அதற்கு மருத்துவம். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் கசிவை மிகுவிக்கும், அவற்றைத் தரலாகாது.

என் பிழை

இனி நான் கூறப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நம் கழகத்தின் மாலை வகுப்பில் வருகைப் பதிவேட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கில் கெட்டிக்காரன். ஆயினும் ஒரு வாரம் வருவான். இரண்டு வாரம் வரமாட்டான். அவன் தந்தை தூய்மைப் பணியாளர். விடியற்காலையில் வேலைக்குப் போகும் அவரால் மகனைக் கவனிக்க இயலவில்லை, பையன் ஊர் சுற்றுகிறான் என்று நாங்களே முடிவு செய்தோம். இடம் குறைவு, காத்திருப்போர் பலர் என்ற காரணம் காட்டி அவன் பெயரை நீக்கினோம். நீக்கல் கோடு இட்டது என் கை.

சில மாதங்கள் சென்றன. ஓரிரவு குருதி வங்கியில் நான் பணியில் இருந்தபோது, மருத்துவரின் சீட்டுடன் ஒரு தாய் வந்து நின்றார். கிரையோ எனப்படும் உறைபடிவு ஆறு பை வேண்டுமென்று அச்சீட்டில் எழுதியிருந்தது. நோய் ஹீமோஃபிலியா ஏ. பெயரைப் பார்த்தேன், அந்த மாணவன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சார், அவன் வந்திருப்பானுங்க. காலை ஊன முடியலீங்க. சொன்னா நம்பமாட்டீங்கன்னு சொல்லாம இருந்துட்டனுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. நாள்தோறும் குருதியையே கையாண்ட நான், என் தெருவில் வளர்ந்த பிள்ளையின் நோயை அறியவில்லை. அறிய முயலவும் இல்லை.

அத்தாய் வேறொரு சுமையையும் தாங்கினார். "உன் வழியில் வந்த சாபம்" என்று புகுந்த வீட்டார் அவரை ஏசினர். இந்நோய் தாயின் எக்ஸ் இழையின் வழியே மகனுக்குச் செல்வது உண்மையே. ஆனால் அது சாபமும் அன்று; குற்றமும் அன்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயினரின் குடும்பத்தில் முன்னர் எவர்க்கும் இந்நோய் இருந்ததில்லை. இங்கிலாந்தின் விக்டோரியா அரசி வழியாக ஐரோப்பிய அரச குடும்பங்கள் சிலவற்றில் இதே நோய் பரவியது. ரஷ்யப் பேரரசரின் ஒரே மகனும் இந்நோயினரே. அரண்மனையில் தோன்றினால் அது வரலாறாகிறது. நம் காலனி வீட்டில் தோன்றினால் அது சாபமாகிவிடுமா?

வர்மாவும் அவருக்கு முன்னோடியும்

கனடா நாட்டின் மொன்றியால் நகரில் ஃபிராங்க் ஷ்னாபெல் என்றொரு வணிகர் வாழ்ந்தார். கடுமையான ஹீமோஃபிலியா நோயினர். அவர் 1953 இல் கனடா ஹீமோஃபிலியா சங்கத்தையும், 1963 இல் கோபன்ஹேகன் நகரில் உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பையும் தோற்றுவித்தார். நோயினரையும் மருத்துவரையும் ஒரே மேசையில் அமரச் செய்ததே அவர் செய்த புதுமை. மருத்துவர் கொடுக்க, நோயாளி கைகட்டிப் பெறுவது என்னும் முறையை அவர் ஏற்கவில்லை. அவர் பிறந்த நாளே ஏப்ரல் 17. அவர் நினைவாகவே 1989 முதல் அந்நாள் உலக ஹீமோஃபிலியா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வர்மா அவ்வழியில் இந்தியாவில் நடந்தவர். 1983 இல் இந்நாட்டு நிலை எவ்வாறு இருந்தது என்பதை இளைஞர்கள் உணர வேண்டும். 1964 இல் அமெரிக்காவில் ஜூடித் கிரகாம் பூல் என்னும் பெண் அறிஞர் ஓர் உண்மையைக் கண்டறிந்து வெளியிட்டார். உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல இளகவிட்டால் அடியில் தங்கும் படிவில் எட்டாம் காரணி செறிந்திருக்கிறது என்பதே அது. நான் முன்னர்க் கூறிய கிரையோ அதுவே. பின்னர் செறிவூட்டப்பட்ட ஃபாக்டர் மருந்து தூளாகவே வந்தது. மேலை நாட்டு நோயினர் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கும் வேலைக்கும் சென்றனர். இந்தியாவிலோ அம்மருந்து கடல் கடந்து வரவேண்டும்; செல்வர்க்கன்றிப் பிறர்க்கு எட்டாத விலை. நோய் இன்னதென்று அறியாமலே மடிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இந்நிலையில் ஒரு நோயாளி என்ன செய்வார்? தமக்கு வேண்டிய மருந்தைத் தேடுவார். கிடைத்தால் ஆறுதல் கொள்வார். அதைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. வர்மா அங்கே நிற்கவில்லை. தம்மைப் போன்றோர் எங்கெங்கே உள்ளனர் என்று தேடினார். இந்நோயினர் ஓர் ஊரில் ஒருவர், மற்றோர் ஊரில் ஒருவர் எனச் சிதறிக் கிடப்பவர்கள். தனித்தனியே நின்றால் எந்த அரசின் கணக்கிலும் வரமாட்டார்கள். அவர்களை ஒன்று சேர்த்து, ஒரு பெயரும் ஒரு முகவரியும் ஒரு குரலும் கொடுத்தார். டெல்லியில் ஊன்றப்பட்ட அந்த வித்து இன்று நாடெங்கும் எண்பதுக்கும் மேற்பட்ட கிளைகளுடன் விளங்குகிறது.

தோழர்களே, இதன் பொருள் நமக்கு எளிதில் விளங்கும். சேரியில் தனியே நின்றவனின் மனுவை எந்த அலுவலகமும் படித்ததில்லை. சங்கமாகச் சேர்ந்து சென்றபோதே நாற்காலிகள் நகர்ந்தன. தன் துன்பத்தைத் தன் விதி என்று கொள்ளாமல், தன் போன்றோர் அனைவரின் வழக்கு என்று கொள்பவனே தலைவன் ஆகிறான்.

மருந்தில் கலந்த நஞ்சு

இவ்வியக்கத்தின் வரலாற்றில் ஒரு கொடிய அத்தியாயம் உண்டு. ஃபாக்டர் தூள் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாய்க் கலந்து செய்யப்பட்டது. அமெரிக்காவில் ஏழைகளிடமும் சிறைக்கைதிகளிடமும் காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்மாவும் அதில் சேர்ந்தது. 1980 களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் கிருமி அதன் வழியே நோயினரின் உடலில் புகுந்தது. பல்லாயிரவர் மாண்டனர். ஷ்னாபெல் 1987 இல் எய்ட்ஸ் நோயால் மறைந்தார். வாழ்வளித்த மருந்தே அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. ஒன்பதாம் காரணிக் குறைபாட்டுக்குக் 'கிறிஸ்மஸ் நோய்' என்றொரு பெயருண்டு. 1952 இல் அவ்வாறு இனங்காணப்பட்ட சிறுவன் ஸ்டீபன் கிறிஸ்மஸின் பெயரே அது. அவரும் வளர்ந்தபின் தூய குருதி மருந்துக்காகக் குரல் கொடுத்து, 1993 இல் அதே நோய்க்கு இரையானார்.

அந்நாளில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரயன் வைட் என்னும் ஹீமோஃபிலியாச் சிறுவன், மருந்தின் வழியே எய்ட்ஸ் கிருமி பெற்ற காரணத்தால் 1985 இல் பள்ளியில் சேர்க்கப்படவில்லை. வழக்காடித் திரும்பியபோதும் அவனுக்குத் தனிக் கழிப்பறை. உண்பதற்குத் தூக்கியெறியும் கரண்டி. இதைக் கேட்கும்போது நம் முதியவர்களுக்கு எந்த நினைவு வருகிறது? தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்ட கொங்கு நாட்டு மக்கள் நாம். தீண்டாமை சாதியின் பெயரால் மட்டுமன்று, நோயின் பெயராலும் வரும் என்பதை நாம் உணராவிடில் வேறு எவர் உணர்வர்?

ரயன் பின்னர் வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்தான். அவ்வூர்ப் பள்ளியில் அவன் வருமுன்னரே மாணவர்களுக்கு நோயைப் பற்றிக் கற்பித்திருந்தனர். அவர்கள் கைகுலுக்கி வரவேற்றனர். அறியாமை கதவை அடைத்தது, கல்வி திறந்தது. 1990 இல் தம் பதினெட்டாம் வயதில் ரயன் மறைந்தார்.

நம் நாட்டிலும் நான் பணியில் சேர்ந்த காலத்தில் மருத்துவமனை வாசல்களில் குருதி விற்போர் நின்றனர். கூலி கிடைக்காத நாளில் கையை நீட்டியவர்களுள் நம் மக்களும் இருந்தனர். உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் அளித்த தீர்ப்பின் பயனாக, 1998 ஜனவரி முதல் அவ்விற்பனை தடுக்கப்பட்டது. குருதியை விற்ற ஏழையும் அதைப் பெற்ற நோயாளியும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆயினும் அக்கேடு இருவரையும் வருத்தியது.

உரிமையும் அதன் குறையும்

1995 ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளை மட்டுமே ஏற்றது. ஹீமோஃபிலியா அவற்றுள் இல்லை. கால் மடங்கியவன் சான்று பெறலாம். மடங்காமல் காக்கப்பட வேண்டியவன் பெற இயலாது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வகைகளை 21 ஆக உயர்த்தியது. ஹீமோஃபிலியா, தலசீமியா, நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் செல் நோய் ஆகியன அதில் இடம்பெற்றன.

40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் உண்டு எனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அச்சட்டம் தரும் உரிமை. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு இடங்களில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் அரசு வேலையில் வழங்கப்படும் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் குருதி நோயினர் சேர்க்கப்படவில்லை. கல்லூரி வாசல் வரை அழைத்துச் சென்ற சட்டம் அலுவலக வாசலில் கையை விட்டுவிடுகிறது. இக்குறையை நீக்கக் குரல் கொடுப்பது வர்மா தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகும். சட்டம் பயிலும் நம் இளைஞர்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக.

மருத்துவத்தில் நிலை பெரிதும் மாறியுள்ளது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபாக்டர் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. உக்கடத்திலிருந்து அரசு மருத்துவமனை எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உடைய ஐவருக்கு, அவர்களுடைய குருதி மூல உயிரணுக்களில் எட்டாம் காரணிக்குரிய மரபணுவைச் சேர்த்து மீண்டும் செலுத்தினர். சிகிச்சைக்குப் பின் அவர்களுக்குக் குருதிக் கசிவு நின்றது என்னும் செய்தி 2024 டிசம்பரில் வெளியாயிற்று. இது ஆய்வு நிலையில் உள்ள மருத்துவமே. அனைவர்க்கும் எட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆயினும் நம் மாநிலத்திலேயே இது நிகழ்ந்தது என்பது நம்பிக்கை தருகிறது.

நாம் செய்யத்தக்கன

வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை, வீட்டுக்குச் சென்று பார்க்காமல் இனி எவரும் நீக்கலாகாது. இது என் முதல் வேண்டுகோள். என் கை இட்ட கோட்டை அழிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முட்டி அடிக்கடி வீங்கும் சிறுவன், பல் பிடுங்கியபின் குருதி நிற்காதவன், காது குத்தலிலோ சுன்னத்திலோ நெடுநேரம் கசிந்த குழந்தை, இவர்களைக் கண்டால் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இவ்வூரில் இந்து, இசுலாமியர், கிறித்தவர் எனப் பலரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறோம். எவர் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க வேண்டாம்.

தாய்மார்களுக்கும் பெண்களுக்கும் ஒரு சொல். குருதி உறையாக் குறை ஆண்களுக்கே உரியதன்று. ஃபின்லாந்து மருத்துவர் வான் வில்லிபிராண்டு 1926 இல் விவரித்த வேறொரு நோய் இருபாலர்க்கும் வரும். அவர் கண்ட குடும்பத்தில் ஒரு சிறுமி மாதவிலக்கின்போதே குருதியிழந்து மாண்டாள். மாதந்தோறும் அளவுமீறிக் குருதி போவதைப் "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்" என்று மூடி வைக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

18 வயது நிறைந்த, நலமுள்ள இளைஞர்கள் ஆண்டுக்கு இருமுறையேனும் குருதி கொடையளிக்க வேண்டும். நம் கழகம் அதற்கொரு பட்டியல் வைத்திருக்கிறது. அப்பட்டியலை எழுதிக் காப்பவர் யார் தெரியுமா? நான் பெயர் நீக்கிய அதே மாணவர். இடக்கால் நீட்ட இயலாமல் நின்றுவிட்டது. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறி, இன்று கைப்பேசி பழுது பார்க்கும் கடை நடத்துகிறார். தம் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. கடையின் மேசையறையில் அவர் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயரும் ஏறட்டும்.

இளைஞர்களே, இக்கழகத்தின் வழியே படித்துப் பட்டம் பெற்றுப் பெருநகரங்களில் நல்ல பணியில் இருப்போர் பலர். அவர்கள் முன்னேற்றம் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் எத்தனை பேர் இத்தெருவுக்குத் திரும்பி வந்து, அடுத்த பிள்ளையின் கையைப் பற்றினர்? நோயுற்ற உடலோடு வாழ்ந்த வர்மா தம் தேவையோடு நின்றுவிடவில்லை. நலமான உடலும் கல்வியும் பெற்ற நாம் நம்மோடு நின்றுவிடலாமா? வெள்ளி விழாவில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவேயாகும்.